ஒரே ஒரு பிட்: போக்கிமான் ரெட், ப்ளூவில் டீபக் மோடைத் திறப்பது எப்படி

சோனிக் மாதிரி ஓடிக் குதிக்கிற விளையாட்டுகளை ஆடி வளர்ந்தவர்களுக்கு டீபக் மோடு (தயாரிப்பவர்கள் விளையாட்டைச் சோதிக்கத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் ரகசிய வழி) என்றால் ஒரு பட்டன் வரிசை ஞாபகம் வரும். சோனிக் 2-ல் சவுண்ட் டெஸ்ட்டில் 19, 65, 09, 17 என்று வரிசையாகப் பாட்டுகளை ஓடவிட்டால் எந்தக் கட்டத்துக்கும் தாவலாம். அது சோனிக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான யூஜி நாகாவின் பிறந்த தேதி. 01, 09, 09, 02, 01, 01, 02, 04 என்று ஓடவிட்டால் டீபக் மோடு வரும். அது அந்த விளையாட்டு வெளியான தேதி. தயாரித்தவர்களே சாவியைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்த கதை இது.

ஆர்பிஜி என்கிற, கதைப் பாத்திரமாக நெடுநேரம் ஆடும் விளையாட்டுகளில் இந்த மாதிரிச் சாவி அநேகமாகக் கிடையாது. நாற்பது மணி நேரக் கதையில் கடைசிச் சண்டையைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆட முடியாது. அதற்காக வேலையாட்கள் தங்களுக்கென்று குறுக்குவழிகளைப் போட்டுக்கொள்வார்கள். விற்பனைக்குப் போகும்போது அவற்றை முழுக்கப் பிடுங்கி எறிவதைவிட, உள்ளே போகும் வழியை மட்டும் அடைத்துவிடுவது சுலபம், ஆபத்தும் குறைவு. கடைசி வாரத்தில் எதையாவது நீக்கப்போய் வேறெதாவது உடைந்தால் யார் பதில் சொல்வது? அதனால் அறை அப்படியே இருக்கும், வாசலில் மட்டும் சுவர் எழும்பியிருக்கும். நாம் போவது சுவரேறித்தான்.

எல்லா விளையாட்டையும் தொட்டுத் தொட்டுப் போவதில் பயனில்லை. ஒன்றை முழுசாகப் பார்க்கலாம். 1998-ல் அமெரிக்காவில் வெளியான கேம் பாய் விளையாட்டுகளான போக்கிமான் ரெட், ப்ளூ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். காரணம், அதில் சுவரேறத் தேவையானது ஒரே ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 ஆக மட்டும் இருக்கும் ஒரு சுவிட்ச். அந்த ஒரு பிட்டைப் புரிந்துகொண்டால் மற்ற விளையாட்டுகளில் என்ன தேட வேண்டும் என்பதும் பிடிபட்டுவிடும்.

தேவையானவை

முதலில் விளையாட்டின் ரோம் ஃபைல், அதாவது கார்ட்ரிட்ஜில் உள்ளதன் நகல். சொந்தக் கார்ட்ரிட்ஜ் இருந்தால் ஜிபிஎக்ஸ்கார்ட் அல்லது ஜிபி ஆபரேட்டர் போன்ற கருவியில் செருகி நீங்களே எடுத்துக்கொள்ளலாம், சேவும் (ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவு) சேர்ந்தே வந்துவிடும். அடுத்து ஒரு எமுலேட்டர், அதாவது கணினியில் கேம் பாய் போல நடந்துகொள்ளும் மென்பொருள். மெமரியைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் வசதி உள்ளதாக இருக்க வேண்டும். எம்ஜிபிஏ இலவசம், இந்த வேலைக்குத் தாராளம். விண்டோஸில் பிஜிபி என்பதும் நன்றாக இருக்கும், அதன் டீபக்கர் (நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி) இன்னும் கூர்மை.

ஆரம்பிக்கும் முன் சேவ் ஃபைலை நகலெடுத்து வேறொரு ஃபோல்டரில் போடுங்கள். "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று நினைத்து நான் ஒரு முறை எண்பது மணி நேர சேவைத் தொலைத்தேன். தப்பு என்னுடையதுதான்: மெமரியில் ஒரு வரி தள்ளி எழுதிவிட்டு, என்ன எழுதினோம் என்று பார்க்காமலே விளையாட்டுக்குள் சேவ் செய்துவிட்டேன்.

எழுத்துகள் பற்றி ஒரு வார்த்தை. மெமரி முகவரிகள் ஹெக்ஸ் முறையில் வரும். ஒன்பதுக்கு மேல் ஏ, பி, சி, டி, இ, எஃப் என்ற ஆங்கில எழுத்துகள்தான் எண்கள். இங்கே டி732 என்று எழுதியிருந்தால், எமுலேட்டரில் அந்த டியை ஆங்கில எழுத்தாகவே அடிக்க வேண்டும்.

டி732 என்ற பைட்

கேம் பாயின் வேலை மெமரி சி000-ல் தொடங்கி டிஎஃப்எஃப்எஃப் வரை, மொத்தம் 8 கிலோபைட். போக்கிமான் ரெட், ப்ளூவின் ஆங்கிலப் பதிப்பில் டி732 என்ற முகவரியில் ஒரு பைட் இருக்கிறது. எட்டு சுவிட்ச் வைத்த ஒரு சுவிட்ச்போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது ஓரத்து சுவிட்ச் (பூஜ்யமாவது பிட்) விளையாடிய நேரத்தை எண்ணச் சொல்கிறது. அதற்கு இடப்பக்கம் உள்ளது, அதாவது ஒன்றாவது பிட், டீபக் மோடு. அதற்கும் இடப்பக்கம் இருப்பவை ஃப்ளை என்ற வித்தை மூலம் பறந்து போவது, குகையில் விழுவது, சைக்கிள் ரோட்டில் கட்டாயமாகச் சைக்கிளில் இருக்க வைப்பது என்று ஆளுக்கொரு வேலை பார்ப்பவை.

சாதாரணமாக ஊருக்குள் நடந்துகொண்டிருக்கும்போது அந்த பைட்டில் 01 இருக்கும். பைனரியில் 00000001. நேரம் மட்டும் எண்ணப்படுகிறது. டீபக் பிட்டையும் போட்டால் 00000011, அதாவது 03. நாம் செய்யப்போவது இவ்வளவுதான்.

முதல் வழி: கையால் மாற்றுவது

1. எம்ஜிபிஏவில் விளையாட்டைத் திறந்து, உங்கள் சேவை ஏற்றி, வெட்டவெளியில் எங்காவது நில்லுங்கள். சண்டையின் நடுவிலோ மெனுவிலோ வேண்டாம்.

2. டூல்ஸ் மெனுவில் கேம் ஸ்டேட் வியூஸ் என்பதற்குள் வியூ மெமரி இருக்கும். அதைத் திறங்கள்.

3. சரியான பதிப்புதானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். டி35இ என்ற முகவரிக்குப் போனால் இப்போது நிற்கும் ஊரின் எண் தெரியும். பேலட் டவுன் 00, விரிடியன் சிட்டி 01, பியூட்டர் சிட்டி 02, ரூட் 1 என்றால் 0சி. ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து பாருங்கள், எண் மாற வேண்டும். மாறினால் உங்கள் பதிப்பும் இந்த முகவரிகளும் ஒத்துப்போகின்றன. இந்தப் படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

4. இப்போது டி732-க்குப் போங்கள். அங்கே இருக்கும் மதிப்போடு 2 கூட்டி எழுதுங்கள். 01 இருந்தால் 03. வேறு ஏதாவது இருந்தாலும் பரவாயில்லை, இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். அது 2, 3, 6, 7, ஏ, பி, இ, எஃப் ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் பிட் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது, தொட வேண்டாம்.

5. மெமரி ஜன்னலை மூடிவிட்டு ரூட் 1-ன் உயரமான புல்லுக்குள் போங்கள். பி பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே மேலும் கீழும் நடங்கள். ஒரு நிமிஷம் நடந்தாலும் பிட்ஜி போன்ற ஒரு காட்டுப் போக்கிமான்கூட வராது. பி-யை விட்டுவிட்டு நடங்கள், பழையபடி ரட்டாட்டா வந்து நிற்கும்.

முதல் முறை பார்க்கும்போது "இதுக்கா இவ்வளவு பில்டப்?" என்று தோன்றலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரெட், ப்ளூவில் நடக்கும்போது பி பட்டனுக்கு வேலையே இல்லை. ஓடும் ஷூ எல்லாம் 2002-ல் ரூபி, சஃபையர் வந்தபோதுதான். அந்தச் சும்மா கிடந்த பட்டனை எடுத்துத் தன் வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார் யாரோ ஒரு புரோகிராமர். ராக் டனலுக்குள் ஒரு ஆளின் வசனத்தைச் சரிபார்க்க நாளைக்கு முப்பது தடவை போய் வருகிறவருக்கு, மூன்றடிக்கு ஒரு ஜூபாட் குறுக்கே வந்தால் எப்படி இருக்கும்? டீபக் மோடில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வேலை செய்தவர்களுக்கு எது எரிச்சலூட்டியது என்று தெரிந்துவிடும்.

பி எல்லாவற்றையும் தடுக்காது. புல்லிலும் குகையிலும் தற்செயலாக வருபவற்றை மட்டும்தான். விளையாட்டு உள்ளே செய்வது இது: எதிரி யார் என்று முன்பே தீர்மானமாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. ஆகியிருந்தால் நேரே சண்டை. ஆகவில்லை என்றால்தான் டீபக் பிட்டைப் பார்த்து, பி அமுக்கியிருந்தால் பேசாமல் திரும்பிவிடுகிறது. அதனால் ரோட்டை அடைத்துப் படுத்திருக்கும் ஸ்நார்லாக்ஸும், உங்களைப் பார்த்ததும் ஆச்சரியக்குறியோடு வரும் டிரெய்னர்களும் இந்த வழியில் விலகமாட்டார்கள்.

இரண்டாவது வழி: சீட் கோட்

அதே வேலையை கேம்ஷார்க் (கார்ட்ரிட்ஜோடு செருகி மெமரியை மாற்றும் கருவி) கோடாகவும் செய்யலாம். பழைய கருவியைக் கேம் பாயில் செருகி ஆடுபவர்களுக்கும், மெமரி ஜன்னல் இல்லாத எமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வழி. கோட் இது:

010332டி7

இதை மந்திரம் போல மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பிரித்துப் பார்த்தால் தானே புரியும். முதல் 01 கேம்ஷார்க்கின் வகைக் குறி. அடுத்த 03 எழுத வேண்டிய மதிப்பு. கடைசி நான்கு இலக்கங்கள் முகவரி, ஆனால் தலைகீழாக: முதலில் 32, பிறகு டி7. திருப்பிப் போட்டால் டி732. கேம் பாயின் புராசஸர் முகவரியின் சின்னப் பாதியை முதலில் வைக்கும், அந்தப் பழக்கம்தான் கோடிலும் வந்துவிட்டது. இந்த அமைப்பு தெரிந்தால் எந்த முகவரிக்கும் நீங்களே கோட் எழுதிக்கொள்ளலாம்.

கையால் மாற்றுவதற்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கையால் எழுதினால் ஒரு தடவைதான் எழுதப்படும். சீட் கோட் ஒவ்வொரு ஃபிரேமிலும் திரும்பத் திரும்ப எழுதும், நொடிக்குக் கிட்டத்தட்ட அறுபது தடவை. இதில் ஒரு நன்மை, ஒரு தொல்லை.

நன்மையைப் பார்ப்போம். நியூ கேம் தேர்ந்தெடுத்தால் விளையாட்டு முதல் வேலையாக டீபக் பிட்டை அணைத்துவிடும். கையால் முன்கூட்டியே போட்டுவைத்தது அங்கேயே போய்விடும். கோட் ஓடிக்கொண்டிருந்தால் அது அணைத்த மறு ஃபிரேமிலேயே திரும்பப் போட்டுவிடும். ஆகவே கோடைப் போட்டுவிட்டு நியூ கேம் கொடுங்கள். புரொஃபஸர் ஓக்கின் அந்த நீண்ட உரை வராது. நிடோரினோவைக் காட்டுவது, உன் பேர் என்ன, என் பேரன் பேர் என்ன, எதுவும் இல்லை. நேரே கடைசி வசனத்துக்குத் தாவிவிடும். பெயர் கேட்காததால் விளையாட்டே வைத்துக்கொள்ளும்: உங்கள் பெயர் நின்டென், எதிராளியின் பெயர் சோனி.

1998-ல் இந்த இரண்டு கம்பெனிகளும் வீட்டு வரவேற்பறையில் யார் பெரியவர் என்று மோதிக்கொண்டிருந்தார்கள். வாங்குகிறவர் யாரும் பார்க்கப்போவதில்லை என்று நினைத்து உள்ளே போட்டுவைத்த அலுவலக நக்கல் அது.

இனி தொல்லை. கோட் அந்த பைட் முழுவதையும் 03 ஆக்குகிறது. பக்கத்து சுவிட்சுகளும் சேர்ந்து அணைந்துவிடும். ஃப்ளை கொடுத்தால் "இவன் பறந்து போகிறான்" என்று விளையாட்டு ஒரு பிட்டில் குறித்துவைக்கும், அடுத்த ஃபிரேமில் கோட் அதை அழித்துவிடும். எங்கே இறக்குவது என்ற கணக்கே குழம்பிவிடும். சைக்கிள் ரோட்டின் கட்டாயமும் அப்படியே. எனவே பெயர்கள் வந்து, ஊருக்குள் நடக்க ஆரம்பித்ததும் கோடை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் பிட் அங்கேயே இருக்கும், சேவ் செய்தால் சேவிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த தடவை கன்டின்யூ கொடுத்தாலும் பி வேலை செய்யும். இனி வேண்டாம் என்றால் முதல் வழியில் போய் 2 கழித்துவிடுங்கள்.

மூன்றாவது வழி: சுவரே இல்லாத பதிப்பு

இதுவரை பார்த்தது விற்பனைக்கு வந்த கார்ட்ரிட்ஜில் மிச்சமிருந்த துண்டு துணுக்குகள். முழு டீபக் மெனுவைப் பார்க்க வேண்டுமென்றால், அது அடைக்கப்படாத பதிப்பு வேண்டும். ப்ரெட் என்ற தன்னார்வலர் குழு இந்த விளையாட்டைப் பிரித்து, அசெம்ப்ளி நிரலாக வரிக்கு வரி மீட்டெடுத்திருக்கிறது. கொடுத்ததைத் தொகுத்தால் அசல் ரோமோடு ஒரு பைட்கூட மாறாமல் வரும். அதிலேயே ப்ளூவின் டீபக் பதிப்பையும் தொகுக்கும் வசதி உண்டு.

லினக்ஸ் இருந்தால் நேராகச் செய்யலாம். விண்டோஸ் என்றால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டுக்கொள்வது தலைவலி குறைந்த வழி. கிட், மேக், ஜிசிசி என்ற மூன்று நிரல் கருவிகளையும் நிறுவுங்கள். அடுத்து ஆர்ஜிபிடிஎஸ் என்ற கேம் பாய் அசெம்ப்ளர். இங்கேதான் பாதிப் பேர் சறுக்குவது: எந்தப் பதிப்பு ஆர்ஜிபிடிஎஸ் வேண்டும் என்று ப்ரெட் குழுவின் நிரல் களஞ்சியத்தின் இன்ஸ்டால் ஃபைலில் எழுதியிருக்கும், அதையே போட வேண்டும். பழையது இருந்தால் புரியாத பிழைகள் நூறு வரிக்கு வரும், உங்கள் மேல் தப்பே இருக்காது.

பிறகு போக்கிரெட் என்ற களஞ்சியத்தைக் கிட் மூலம் இறக்கி, அந்த ஃபோல்டருக்குள் போய் மேக் கட்டளையைக் கொடுங்கள். சும்மா மேக் என்று கொடுத்தால் எல்லாப் பதிப்பும் வரும். மேக் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, ப்ளூ, அடிக்கோடு, டீபக் என்று சேர்த்து ஆங்கிலத்தில் அடித்தால் டீபக் பதிப்பு மட்டும் வரும். முடிந்ததும் ஃபோல்டரில் பெயரின் கடைசியில் டீபக் என்று ஒரு ரோம் இருக்கும். அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே தொகுத்தாலும் உள்ளே இருக்கும் படமும் இசையும் வசனமும் நிறுவனத்துடையவை, நாலு பேருக்குப் பகிர்வது சரியில்லை.

அந்த ரோமைத் திறந்து, டைட்டில் திரை வரும் வரை காத்திருங்கள். செலக்ட் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி ஸ்டார்ட் கொடுங்கள். வழக்கமான மெனுவுக்குப் பதில் ஒரு சின்னக் கட்டம் வரும். உள்ளே இரண்டே வரி: ஃபைட், டீபக்.

ஃபைட் கொடுத்துப் பாருங்கள். உங்களிடம் லெவல் 20 ரைடான். எதிரே லெவல் 20 ரைடான். உங்கள் பெயர் டாம், எதிராளியின் பெயர் ஜுவெர்ரி. டாம் அண்ட் ஜெர்ரியைத்தான் யாரோ எழுத்துப்பிழையோடு அடித்திருக்கிறார் என்று தோன்றுகிறது. சண்டை முடிந்தால் என்ன ஆகும்? திரும்பவும் அதே சண்டை. ஜெயித்தாலும் தோற்றாலும் சுற்றிச் சுற்றி அதே இரண்டு ரைடான்கள்தான், எமுலேட்டரை மூடும் வரை. ஏன் ரைடான் என்று கேட்டால், விளையாட்டின் உள் வரிசையில் அதன் எண் 1. நாம் அறிந்த போக்கிடெக்ஸ் வரிசையில் அது 112. உள் வரிசையோ வேறு, அதில் முதல் நாற்காலி ரைடானுக்கு. முதலில் உருவாக்கப்பட்ட போக்கிமான் அதுதான் என்று ஓவியர் கென் சுகிமோரியே சொல்லியிருக்கிறார். சண்டை நிரல் ஓடுகிறதா என்று பார்க்க யாரையாவது நிறுத்த வேண்டும், வரிசையில் முதலில் நிற்பவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்தச் சுற்றுச் சண்டையின் நிரல் கடையில் விற்ற ரெட், ப்ளூவிலும் இருக்கிறது. அதை அழைக்க வேண்டிய மெனு மட்டும் "திரும்பிப் போ" என்ற ஒற்றைக் கட்டளையாகச் சுருங்கிவிட்டது. அடைத்த சுவர் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

இப்போது இரண்டாவது வரி, டீபக். இது புது ஆட்டம், ஆனால் கையில் எல்லாமே இருக்கும். பையில் சைக்கிள், 99 ஃபுல் ரெஸ்டோர், 99 ரேர் கேண்டி, 99 மாஸ்டர் பால், கதையில் பல மணி நேரம் கழித்துக் கிடைக்கும் சாவிகள். போக்கிடெக்ஸ் நிரம்பியிருக்கும். எந்த ஊருக்கும் பறக்கலாம். ஜிம் தலைவர்களை வென்றால் கிடைக்கும் எட்டு பேட்ஜில் ஏழு இருக்கும், எர்த் பேட்ஜ் மட்டும் இருக்காது. அது ஏன் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. என் ஊகம் இது: விரிடியன் ஜிம் மற்ற ஏழும் கிடைத்த பிறகுதான் திறக்கும். ஏழோடு தொடங்கினால் அந்தக் கடைசி ஜிம்மை நேரே போய்ச் சோதிக்கலாம், அதோடு கதையின் கடைசிப் பகுதியையும். வேடிக்கை என்னவென்றால் ரைடான் சண்டையில் இதற்கு நேர் எதிர், எர்த் பேட்ஜ் ஒன்று மட்டும்தான் இருக்கும். அது இருந்தால் எந்தப் போக்கிமானும் சொன்ன பேச்சைக் கேட்கும், சோதனையில் அடங்காமை குறுக்கிடாது.

கூட வரும் படையைப் பாருங்கள். லெவல் 5 மியூ, லெவல் 56-ல் ஜோல்டியானும் டக்ட்ரியோவும், லெவல் 57 ஆர்டிகுனோ, சர்ஃப் தெரிந்த லெவல் 5 பிகாச்சு. தலைவராக முன்னால் நிற்பது லெவல் 90 எக்ஸெக்யூட்டர். தென்னை மரத்துக்குக் கால் முளைத்து மூன்று முகம் வைத்தது போல இருக்குமே, அதுதான். அதற்கு ஃப்ளை, கட், சர்ஃப், ஸ்ட்ரெங்த் நான்கும் தெரியும். ஆட்டத்தில் எந்த எக்ஸெக்யூட்டரும் ஃப்ளை கற்க முடியாது, தென்னை மரம் பறக்குமா? சோதிப்பவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தடுக்கும் மரத்தை வெட்ட, தண்ணீரைக் கடக்க, பாறையைத் தள்ள, ஊர் தாண்ட எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் போதும் என்று வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஆள் யாருடையவர் என்பதும் தெரியும். இப்போது போக்கிமான் கம்பெனியின் தலைவராக இருக்கும் சுனேகாஸு இஷிஹாரா, தனக்குப் பிடித்த போக்கிமான் எக்ஸெக்யூட்டர் என்றும், டீபக் செய்யும்போது எப்போதும் அதையே பயன்படுத்தியதுதான் காரணம் என்றும் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஜப்பானிய ரெட், கிரீன் காலத்து டீபக் படையிலிருந்து மாறாமல் ஆங்கிலப் பதிப்பு வரை வந்தது அந்த ஒரு போக்கிமான் மட்டும்தான். கடையில் விற்ற ஆங்கிலக் கார்ட்ரிட்ஜிலும் லெவல் 90 எக்ஸெக்யூட்டர் உள்ள ஒரு பட்டியல் யாரும் அழைக்காமல் கிடக்கிறது.

இந்தப் பதிப்பில் பி பட்டனின் அதிகாரமும் கூடுதல். டிரெய்னர்கள் கண்ணெதிரே நடந்தாலும் கூப்பிடமாட்டார்கள், சஃபாரி ஸோனில் அடிகளின் கணக்கு குறையாது, வழிமறிக்கும் சில ஆட்களின் காட்சிகளும் ஓடாது.

வேறு விளையாட்டுகளுக்குப் போகும்போது

முறை ஒன்றேதான், இடம் மட்டும் மாறும். சில விளையாட்டுகளில் டீபக் என்பது போக்கிமானைப் போல ஒரு பிட். சிலவற்றில் அது ஓர் அறை, அதாவது ஒரு சாதாரண மேப், ஆனால் எந்தக் கதவும் அங்கே போகாது.

ஃபைனல் ஃபேன்டஸி 7 (1997, பிளேஸ்டேஷன்) இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம். அதன் மேப் வரிசையில் 65-வதாக ஸ்டார்ட்மேப் என்று ஒன்று இருக்கிறது. பிளேஸ்டேஷனில் கேம்ஷார்க் மூலமும், கணினிப் பதிப்பில் சேவ் எடிட்டர் மூலமும் மேப் எண்ணை மாற்றி உள்ளே போவார்கள். பிளாக் சோகோபோ என்ற இலவச எடிட்டர் இதற்குப் பேர் போனது. உள்ளே போனால் கருப்புப் பின்னணியில் ஆட்கள் நிற்பார்கள். பேசினால் கதையின் வெவ்வேறு காட்சிக்கு அனுப்புவார்கள், படையில் ஆளைச் சேர்ப்பார்கள், நீக்குவார்கள். வசனம் ஜப்பானிய மொழிக்கென்று எழுதியது, ஆங்கிலப் பதிப்பில் அந்த எழுத்துரு இல்லாததால் பெரும்பாலும் குப்பை எழுத்தாகத்தான் தெரியும். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரியாமலே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

அங்கே கவனிக்க வேண்டியது, இந்த விளையாட்டு கதை எதுவரை வந்திருக்கிறது என்பதை ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. மேப்பை மட்டும் மாற்றிக்கொண்டு தாவினால் எண் பழையதாகவே இருக்கும். வரவேண்டிய ஆள் வரமாட்டார், திறக்க வேண்டிய கதவு திறக்காது, நீங்கள் அங்கேயே நிற்பீர்கள். அந்த எண்ணையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஏரித் என்ற பாத்திரம் கதையில் இறந்த பிறகும் அவளைப் படையில் சேர்த்து ஆடலாம் என்று தொண்ணூறுகளில் பரவிய பேச்சுக்கு இந்த மாதிரிக் கோடுகளும் ஒரு காரணம். சேர்க்க முடியும் என்பது உண்மை. கதை அவளைத் திரும்பப் பெற்றதாக ஆகாது.

சூப்பர் நின்டெண்டோவின் எர்த்பவுண்டில் (அமெரிக்காவில் 1995) முழு மெனுவே இருக்கிறது, சீட் கோடு மூலம்தான் திறக்கும். வரைபடம் பார்க்க, பாத்திரங்களைப் பார்க்க, சண்டைக் காட்சியைப் பார்க்க என்று தனித்தனி வரிகள். அதில் வரைபடத்தின் மேல் நகர்ந்து போகும் குறியாக வருவது யார் தெரியுமா? கிர்பி, வேறொரு விளையாட்டின் நாயகன். எர்த்பவுண்ட் கதையில் கிர்பிக்கு ஒரு வேலையும் இல்லை. நிரல் எழுதியது, பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சதோரு இவாதா இருந்த ஹெச்ஏஎல் லேபரட்டரி, கிர்பி அவர்கள் வீட்டுப் பிள்ளை. ஒரு குறி தேவைப்பட்டது, கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

டெவலப்பர் ரூம் என்று கேட்டால் அதை டீபக் அறையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபைனல் ஃபேன்டஸி 4-ன் ஜப்பானியப் பதிப்பில் குள்ளர் கோட்டைக்குள் ஒளிந்திருக்கும் அறையும், குரோனோ டிரிக்கரில் நியூ கேம் பிளஸின் (முடித்த ஆட்டத்தின் பலத்தோடு மறுபடி தொடங்குவது) ஆரம்பத்திலேயே கடைசி எதிரியான லாவோஸை வீழ்த்தினால் வரும் முடிவும் ஆடுபவர்களுக்காகவே வைத்தவை. தயாரித்தவர்கள் அங்கே நின்று வணக்கம் சொல்வார்கள். அதற்குச் சுவரேற வேண்டாம், நேர்மையாக ஆடினாலே போதும்.

நீங்களே புதிதாக ஒன்றைத் தேடுவதென்றால் எமுலேட்டரின் டீபக்கரில் வாட்ச்பாயின்ட் என்ற வசதியைப் பழகுங்கள். ஒரு முகவரியை யார் படித்தாலும் விளையாட்டு அங்கேயே நிற்கும். டி732-க்கு அதைப் போட்டுவிட்டு புல்லில் நடந்து பாருங்கள், நேரத்தை எண்ணும் நிரலும் இதே பைட்டைப் படிப்பதால் அங்கேயும் அடிக்கடி நிற்கும், அவற்றைத் தாண்டவிட்டால் எதிரியைத் தீர்மானிக்கும் நிரல் அந்த பைட்டைப் படிக்கும் இடத்தில் வந்து நிற்கும். அதற்கடுத்த சில வரிகளில் பி பட்டனைச் சோதிப்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். விடை தெரிந்த விளையாட்டில் இப்படி நாலு முறை செய்து பழகினால், விடை தெரியாத விளையாட்டில் எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும் என்று கண் பழகிவிடும். எப்போதும் படிக்கப்படும், ஆனால் ஆட்டத்தில் எங்கேயுமே 1 ஆகாத பிட் என்றால் அங்கே நின்று பாருங்கள்.

வேலை செய்யவில்லை என்றால்

பெரும்பாலும் பதிப்புதான் காரணம். மேலே சொன்ன முகவரிகள் ஆங்கில ரெட், ப்ளூவுக்கு மட்டும். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் பதிப்புகளில் எல்லாம் ஐந்து பைட் தள்ளி இருக்கும்: ஊர் எண் டி363, டீபக் பைட் டி737. அடுத்து வந்த யெல்லோவின் ஆங்கிலப் பதிப்பில் ஒன்று பின்னால்: டி35டி, டி731. ஜப்பானியப் பதிப்புகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

பதிப்பு சரி, பைட்டும் 03 என்றால் பி-யை எப்போது அமுக்குகிறீர்கள் என்று பாருங்கள். புல்லுக்குள் ஓரடி வைத்த பிறகு அமுக்கினால் அந்த முதல் அடியிலேயே ரட்டாட்டா வந்திருக்கலாம். புல்லுக்கு வெளியே நிற்கும்போதே அமுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள்.